கை மரத்துப்போகாமல் இருக்க நான் வாங்கிய நான்கு சாமான்கள்

திருச்சியிலிருந்து பெரம்பலூர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாள் எனக்கு இதுதான் பிழைப்பு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். வண்டி 350 சிசி, ஒற்றைச் சிலிண்டர், வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. பாடாலூர் தாண்டுவதற்குள் வலது கைக் கட்டைவிரலில் எறும்பு ஊர ஆரம்பிக்கும். பெரம்பலூரில் இறங்கும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் யாருடையவோ போல இருக்கும். ஒரு நாள் வாடிக்கையாளர் வீட்டில் காபி டம்ளரைக் கையில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன். விழுந்தது அவர் கையெழுத்துப் போட வைத்திருந்த பாரத்தின் மேல்.

அதன்பிறகு ஐந்து மாதத்தில் நான்கு சாமான் வாங்கினேன். மொத்தம் 2,840 ரூபாய். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. நான்குமே பல பெயர்களில், ஒரே அச்சில் வார்த்தது போலக் கிடைக்கின்றன.

முதலில் வாங்கியது ஸ்பாஞ்சு கிரிப் உறை, ஜோடி 180 ரூபாய். இருக்கிற ரப்பர் கிரிப்பின் மேலேயே சோப்புத் தண்ணீர் தடவி ஏற்ற வேண்டும். முதல் நாள் சொர்க்கம். அதிர்வு பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் முன்னங்கை வலி. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது: கம்பியே 22 மில்லிமீட்டர், அதன் மேல் ரப்பர், அதற்கும் மேல் ஸ்பாஞ்சு. என் கை சின்னது. விரல் முழுதாகச் சுற்றாததால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கைக்குள் இன்னும் நன்றாக ஏறும், ரத்த ஓட்டமும் குறையும். சமயபுரத்தில் ஒரு மழை பிடித்தது பாருங்கள், உறை தண்ணீரைக் குடித்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருப்பினால் உறை மட்டும் திரும்புகிறது, வண்டி கேட்கவில்லை. முந்திக்கொண்டு போகும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது? அன்றைக்கே கழற்றிவிட்டேன். அகலமான உள்ளங்கை உள்ளவர்கள், மழையில் ஓட்டாதவர்கள் வாங்கலாம்.

அடுத்தது ஜெல் வைத்த கையுறை, 1,450 ரூபாய். உள்ளங்கையின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மெத்தென்று ஒரு திண்டு. தையல் நன்றாக இருந்தது, வெயிலுக்கும் பாதுகாப்பு. ஆனால் மரத்துப்போவது ஒரு துளிகூடக் குறையவில்லை. பணம் போன கடுப்பில் மூன்று வாரம் விடாமல் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பிரயோஜனம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் பயந்துவிட்டார்கள். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. "வண்டியைக் குறை சொல்லாதீங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: எந்த விரல்? எனக்குச் சிரிப்பு வந்தது, கை என்றால் கைதானே. அவர் காகிதத்தில் ஒரு கையை வரைந்து நடுவே கோடு போட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் மீடியன் நரம்பு. அது மணிக்கட்டின் நடுவில் குறுகலான சந்து ஒன்றின் வழியாக வருகிறது. மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கியே வைத்திருந்தால் அந்தச் சந்தில் நசுங்கும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்நார் நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். அது உள்ளங்கையின் வெளி ஓரமாக வருகிறது. அங்கே கம்பி அழுத்தினால் சுண்டுவிரல் மரக்கும்.

ஆக, சுண்டுவிரல்காரருக்கான கையுறையை நான் கட்டைவிரலுக்கு வாங்கியிருக்கிறேன்!

சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும் என்றும் சொன்னார். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மணிக்கட்டு நசுங்கல் வர வாய்ப்பு அதிகம், அதனால் அலட்சியம் வேண்டாம். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால் வண்டியைப் பாருங்கள்; ராத்திரி தூக்கத்தில் மரத்துப்போய் எழுப்பினாலோ, பிடி தளர்ந்து சாமான் நழுவினாலோ என்னிடம் வாருங்கள் என்றார். காபி டம்ளர் கதையைச் சொன்னேன். நரம்புச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இப்போதே கவனிக்க வேண்டும் என்று முடிந்தது.

நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரம்பலூர் பக்கம் கல்குவாரியில் பாலிசி போட்ட ஒருவர், வருடக்கணக்காகப் பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்தவர். சட்டைப் பட்டன் போட அவருக்கு இன்னொருவர் கை வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்றே 2002-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள்: எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. என் வண்டி பாறை மெஷின் இல்லைதான். ஆனாலும் அவர் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

சரி, மூன்றாவது சாமான். பார் எண்ட் வெயிட், ஜோடி 950 ரூபாய். ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் மாட்டும் இரும்புக் கட்டி. முனை கனமாகிவிட்டால் பார் சட்டென்று துடிக்காது. எந்த வேகத்தில் உதறுகிறதோ அந்த வேகமும் இடம் மாறும். எனக்கு முன்பு 65-ல் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். இப்போது 65-ல் லாரி ஒன்றுதான், உதறல் அதைவிடக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் நான் அந்த வேகத்தில் போகிற ஆள் இல்லை, அதனால் எனக்கு லாபம். அந்த வேகத்திலேயே போகிறவருக்கு இதே சாமான் நஷ்டமாகக்கூட முடியலாம். ஒரு எச்சரிக்கை: மாட்டிக் கொடுத்த பையன் ஆக்சிலேட்டர் பக்கக் கட்டியை கிரிப்போடு ஒட்டி முறுக்கிவிட்டான். திருப்பினால் அங்கேயே நிற்கிறது, தானாகத் திரும்பி வரவில்லை. கடை வாசலிலேயே கவனித்ததால் தப்பித்தேன். நடுவில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். கையை எடுத்தால் படக்கென்று மூடுகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நான்காவது, ஆக்சிலேட்டரில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டை, 260 ரூபாய். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன் மேல் சாய்த்தால் போதும், விரலால் இறுக்க வேண்டாம். இடது கையையாவது எடுத்து உதறிக்கொள்ளலாம், வலது கைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதனால் நெடுஞ்சாலையில் இது எனக்கு வரம். ஊருக்குள் நேர் எதிர். பிரேக் பிடிக்கக் கையை நகர்த்தும்போது பட்டை அழுந்தி வண்டி முன்னே பாயப் பார்க்கும். சமயபுரம் டோல்கேட் தாண்டித்தான் மாட்டுகிறேன், திரும்பி வரும்போது அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

காசு கொடுக்காமல் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் அண்ணன் என்னை வண்டியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தார். "சார், லீவர் ரெண்டும் வானத்தைப் பாக்குது" என்றார். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, நீட்டிய விரல் முன்னங்கையோடு ஒரே கோட்டில் லீவரில் படும்படி கீழே இறக்கினார். மணிக்கட்டு நிமிர்ந்துவிட்டது. அப்புறம் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டில் ஒன்று முழுச் சுற்று ஏறியது. கேட்டது ஒரு டீ. சாமான் வாங்கக் கிளம்புமுன் இவரிடம் போயிருந்தால் ஸ்பாஞ்சும் கையுறையும் மிச்சம்.

இப்போது கட்டியும் பட்டையும் வண்டியில் இருக்கின்றன. பாடாலூரில் ஐந்து நிமிடம் நிறுத்தி டீ குடிக்கிறேன், சர்க்கரை இல்லாமல். பெரம்பலூரில் இறங்கும்போது ஆள்காட்டி விரலில் லேசாக எறும்பு உண்டு, கட்டைவிரலில் இல்லை.

கையுறையை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். காலையில் கொள்ளிடம் பாலம் வரை சைக்கிள் மிதிக்கிறவன். "மாமா, சுண்டுவிரல் மரக்கிறதே நின்னுபோச்சு, எங்க வாங்கினீங்க?" என்று போன் செய்தான்.