மதிலுக்கு ஐவி: வன்னி வெயிலுக்கு வாங்கலாமா?

ஐவிக் கொடியைப் பூச்சாடியில் வைக்க என்றால் ஐந்துக்கு மூன்று புள்ளி. மதிலை மூட என்றால் ஐந்துக்கு ஒன்று, அதுவும் இலையின் வடிவுக்காக.

வாங்கும்போதே ஒரு குழப்பம் உண்டு. கன்றுக் கடையில் ‘ஐவி’ என்று கேட்டால் உண்மையான ஐவியும் தரலாம், சுவரில் ஒட்டிப் படரும் சின்ன இலை அத்திக் கொடியும் தரலாம், சிலவேளை மணிப்பிளான்ற்றும் அதே பெயரில் வரும். இலையில் மூன்று அல்லது ஐந்து முனை, வெளிறிய நரம்பு, கிள்ளினால் பால் வராது என்றால் ஐவி. இலை விரல்நுனி அளவு, தண்டு சுவரோடு அப்பியிருக்கிறது, கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறது என்றால் அது அத்தி. மணிப்பிளான்ற்றின் இலை இதய வடிவில் மினுங்கும். பணம் கொடுக்க முன் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தால் காணும்.

ஐவி ஐரோப்பாவின் குளிர் நிலத்துச் செடி. மலைநாட்டில் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் அது தன்பாட்டில் வளரும். வன்னியில் மாசி வரை நன்றாக நிற்கும். சித்திரையில் வெயில் 33, 34 பாகைக்கு ஏற, இலை ஓரம் கருகத் தொடங்கும். பிறகு கச்சான் காற்று வரும். அது ஈரத்தை உறிஞ்சுவதோடு செஞ்சிலந்திப் பூச்சி பெருகவும் வழிவிடும். பலரிடம் ஐவி சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல, இந்தப் பூச்சியால்தான். இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளி விழுந்ததும் தண்ணீர் போதாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், வேரும் அழுகிவிடும்.

சோதனை சுகம். வெள்ளைக் கடதாசிக்கு மேல் கொப்பைத் தட்டுங்கள். விழுந்த தூசி அசைந்தால் பூச்சி. குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி பீச்சிக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து பொழுதுபடத் தெளிக்க வேண்டும். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளித்தால்தான் முட்டையிலிருந்து வரும் குஞ்சும் அடங்கும். வெயிலில் தெளித்தால் எண்ணெயே இலையைச் சுடும்.

சாடி 8 அங்குலம் போதும், அடியில் துளை கட்டாயம். மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு. வளவுச் செங்கபில மண்ணை மட்டும் நிரப்பினால் கோடையில் கல்லாக இறுகி, ஊற்றும் தண்ணீர் சாடியின் ஓரத்தால் ஓடிவிடும். வடக்குப் பக்க விறாந்தைதான் இதற்குத் தோதான இடம். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நமது குழாய்க்கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது, மண்ணின் மேல் வெள்ளைப் படிவு கட்டும். மாரியில் பிடித்து மூடிவைத்த மழைத்தண்ணீரை மாதம் ஒருதரம் அடியால் வழியும்வரை ஊற்றினால் உப்புக் கழுவுப்படும். சாடிக்குக் கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

இலையும் காயும் நஞ்சு, சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு எடுக்கும். கையுறை போட்டுத்தான் வெட்ட வேண்டும், வெட்டிய கொடியை ஆட்டுக்குப் போடக்கூடாது.

மதிலைத்தான் மூட வேண்டும் என்று நிற்பவர்களுக்கு அத்திக் கொடி. வெயில் தாங்கும், ஆனால் வேலை கேட்கும். மாரி தொடங்கும் ஐப்பசியில், மதிலிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒரு அடி ஆழ அகலக் குழியில் எரு கலந்து நடுங்கள். கிணற்றுக் கட்டுக்கும் மலசலகூடக் குழிக்கும் பக்கத்தில் வேண்டாம். முதல் கோடையில் ஒன்றுவிட்ட நாள் தண்ணீர். பிடித்துக்கொண்டபின் கெதியாக ஏறும். அப்போது ஓட்டுக்கு ஒரு அடி கீழேயும் யன்னலைச் சுற்றி ஒரு முழமும் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். ஓட்டுக்குள் நுழைந்தால் ஓட்டைக் கிளப்பும், மழை உள்ளே வரும். இலை பெரிதாகி, சுவரை விட்டு வெளியே நீட்டும் தடித்த கொப்பு வந்தால் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவற்றை அடியோடு வெட்டுங்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கத்தரிதான் சரி, தட்டையான அடியில் நசுக்கி வெட்டும் வகை தண்டைக் கிழிக்கும். கத்தரியில் ஒட்டும் பாலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம்.

நல்ல பூச்சுச் சுவரை இந்த வேர்கள் துளைப்பதில்லை. சீமெந்து குறைவாகப் போட்டு வெடித்த பூச்சில்தான் உள்ளே போகும். ஆகவே முதலில் வெடிப்பை அடையுங்கள், பிறகு நடுங்கள். எடுக்கும்போது பச்சையாகப் பிடித்து இழுத்தால் பெயின்ற்றும் பூச்சும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி இரண்டு மூன்று கிழமை வாட விட்டு, சிறு துண்டுகளாகக் கழற்றி, மிச்ச வேரை நனைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அடிக்கட்டையை அலவாங்கால் கிளப்பாவிட்டால் திரும்பத் துளிர்க்கும். எந்தக் கொடியையும் படிக்கட்டோரம் தரையில் அடர்த்தியாகப் படர விடாதீர்கள், விரியனும் சுருட்டையும் பதுங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

காசு செலவில்லாமல் வேலி மறைய வேண்டுமா? கொவ்வை இருக்கிறது. இலையைப் பார்த்தால் ஐவிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல இருக்கும், உண்மையில் பூசணிக் குடும்பம். வறுத்தால் கறி, வேலிக்கு மறைப்பு. ஆனால் மாமரத்திலோ தோடையிலோ ஏற விட்டால் வெளிச்சத்தை மூடிக் கொப்பைக் காயவைக்கும். பழம் சிவக்க முன் காயைப் பறித்துவிடுங்கள், இல்லையேல் குருவிகள் வளவு முழுக்க விதைக்கும். மேலே வெட்டுவதால் அது போகாது. கிழங்கோடு தோண்ட வேண்டும், துண்டு மிஞ்சினால் அடுத்த மாரியில் திரும்பவும் வேலியில் நிற்கும்.