முத்திரை 2000 வாட்ஸ், சரக்கு 1500: கீசர் காயில் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர் கூத்தப்பாக்கத்தில் ஒரு வீட்டில் 15 லிட்டர் கீசரின் காயில் எரிந்துபோனது. வந்த மெக்கானிக் காயிலுக்கு 950, கூலி 400 என்று வாங்கிக்கொண்டு, '2000 வாட்ஸ்' என்று முத்திரை குத்திய புதுக் காயிலை மாட்டினார். பழையதைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். பில் கிடையாது.

அன்றிலிருந்து தண்ணீர் சுட நேரமாகிறது. கேட்டால், "உப்புத் தண்ணிம்மா, காயில்ல உப்பு படிஞ்சா கரண்டு கம்மியாத்தான் இழுக்கும்." மாட்டி ஒரு வாரம்தானே ஆகிறது என்றதும் பேச்சு மாறியது. "உங்க தெருவுல வோல்டேஜ் இல்ல. 4,500க்கு ஸ்டெபிலைசர் ஒண்ணு வாங்கித் தரேன், போட்டுருங்க." பணத்தைக் கொடுக்கும் முன் அளந்து பார்த்ததில் இரண்டு பதிலுமே பொய் என்று தெரிந்தது.

கீசர் ஓடாதபோது பிளக்கில் 229 வோல்ட். ஓடும்போது 226. லோடு ஏறியதும் 3 வோல்ட்தான் இறங்குகிறது என்றால் ஒயரிலும் குறை இல்லை, தெருவிலும் குறை இல்லை. ஒயரைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 6.4 ஆம்ப்ஸ். இனி கணக்குதான்.

226 × 6.4 = 1446 வாட்ஸ்.
226 ÷ 6.4 = 35.3 ஓம். இது காயிலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு.

நிஜமான 2000 வாட்ஸ் காயில் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அதன் ரெசிஸ்டன்ஸ் 230 ÷ 8.7, அதாவது சுமார் 26.4 ஓம். வோல்டேஜ் ஏறி இறங்கினால் வாட்ஸ் மாறும், ஆனால் காயிலின் ஓம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மெக்கானிக் மாட்டிக்கொள்வது இங்கேதான். 35.3 ஓம் காயிலுக்கு முழுசாக 230 வோல்ட் கொடுத்தாலும் 230 × 230 ÷ 35.3, சுமார் 1500 வாட்ஸ்தான் வரும். நல்ல 2000 வாட்ஸ் காயில் 1446க்கு இறங்க வேண்டுமென்றால் வோல்டேஜ் 196க்கு விழுந்திருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

உப்புக் கதையும் நிற்காது. நம் கடலோரத்து போர் தண்ணீர் காயிலை அரிப்பது உண்மை, படிவு கட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் சீக்கிரம் எரிவதும் உண்மை. ஆனால் கரண்ட் ஓடுவது உறைக்கு உள்ளே இருக்கிற கம்பியில். வெளியே படியும் உப்பு 8.7 ஆம்ப்ஸை 6.4 ஆக்காது.

கரண்ட் பில் இதனால் பெரிதாக ஏறாது. 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற எந்தக் காயிலானாலும் ஏறக்குறைய 0.58 யூனிட். 17 நிமிடத்தில் ஆக வேண்டியது 24 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அதனால்தான் பலரும் ஏமாந்ததே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்கள் வீட்டு மின் மீட்டரிலேயே பார்க்கலாம். ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் ஓடவிடுங்கள். மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், ஒரு நிமிடத்துக்கு 2000 வாட்ஸ் காயிலுக்குச் சுமார் 107 முறை மின்ன வேண்டும். இந்த வீட்டில் எண்ணியது 77. 77 × 60 ÷ 3200 = 1.44 கிலோவாட். கிளாம்ப் மீட்டர் சொன்னதும் இதேதான்.

புதுக் காயிலை மாட்டும் முன் மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். முதலில் மீட்டர் ஒயர்களின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டால் 0.3, 0.4 என்று காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 25 முதல் 29 ஓம் வரை இருந்தால் 2000 வாட்ஸ் காயில்தான். "பீப் சத்தம் வருதுல்ல, காயில் நல்லாருக்கு" என்பதை ஏற்காதீர்கள். பல மீட்டர்களில் 26 ஓமுக்கும் பீப் வரும், 35 ஓமுக்கும் வரும். கம்பி அறுபடவில்லை என்பதற்கு மேல் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லை. மாட்டியிருக்கிற காயிலை அளப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றிய பிறகே ஓம் பார்க்க வேண்டும். சப்ளை இருக்கும்போது ஓம் ரேஞ்சில் தொட்டால் மீட்டர் போய்விடும், கையிலேயே வெடிக்கவும் கூடும். கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் ஒயரை மட்டும் சுற்றிப் போட வேண்டும். மூன்று கோர் ஒயரை மொத்தமாகப் பிடித்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து பூஜ்யம் காட்டும். டிபி பெட்டியை (வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் சுவிட்ச் பெட்டி) திறந்து பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், விளக்கை எண்ணினாலே போதும்.

அதே மெக்கானிக் இன்னொன்றும் செய்திருந்தார், வாட்ஸைவிட இதுதான் பயம். பழைய காயிலில் கரண்ட் லீக் ஆகி, லீக் வந்தால் சப்ளையைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுந்ததால், கீசர் பிளக்கின் எர்த் ஒயரை உள்ளே வெட்டி மடித்து விட்டிருந்தார். இனி ஒருமுறை லீக் ஆனால் கரண்ட் தரைக்குப் போக வழியில்லை, தொட்டியிலும் குழாயிலும் நிற்கும். யாரையாவது விட்டு காயில் மாற்றியிருந்தால் பிளக்கின் மூன்றாவது, தடித்த பின்னில் ஒயர் இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

காயிலின் வாட்ஸை எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், பழைய காயிலை விடாதீர்கள். பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். அளந்த வோல்ட், ஆம்ப்ஸ், ஓம் மூன்றையும் தேதியோடு எழுதி, மீட்டர் காட்டும் எண் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள்.