கிறிஸ்துமஸ் மரம்: எது எதவிட பெட்டர், ஒரு நேர்மையான அலசல்

போட்டோல பாக்குற மரத்துக்கும் நம்ம வீட்டு மரத்துக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்னு ரொம்ப வருஷமா மண்டைய உடைச்சிருக்கேன். அதே பச்சை, அதே உருண்டை, அதே லைட்டு, ஆனா அது ஹோட்டல் லாபில நிக்கிற மாதிரி இருக்கும், நம்மளது அவசரத்துல யாரோ மாட்டிட்டு ஓடுன மாதிரி இருக்கும். காசுதான் காரணம்னு நெனச்சேன், அது கொஞ்சம்தான். நாம எல்லாத்தையும் கிளை நுனில மாட்டுறோம், அவங்க மரத்துக்கு உள்ள மாட்டுறாங்க, மேட்டர் அவ்ளோதான். இத மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா கீழ சொல்ற பாதி போட்டிக்கு முடிவு தானா வந்துரும்.

மொதல்ல மரம். நிஜ மரத்தோட வாசனைக்கு ஈடே கெடையாது, கிளைக்கு நடுவுல இயல்பாவே இடைவெளி இருக்குறதால உருண்டை அழகா தொங்கும். ஆனா அடிய கொஞ்சம் புதுசா அறுத்துட்டு நிறுத்தணும், இல்லனா வெட்டுன இடத்துல பிசின் அடைச்சு தண்ணி உறிஞ்சாது, அப்புறம் தொட்டில தண்ணி இருக்கானு தெனமும் பாக்கணும், காஞ்சு போச்சுனா இலை கொட்டுறது மட்டும் இல்ல, சட்டுனு தீப்பிடிக்கவும் செய்யும். செயற்கை மரத்துல இந்த தலைவலி இல்ல, கம்பி கிளைங்கறதால வளைச்ச இடத்துல நிக்கும், வெயிட்டான பொருளையும் தாங்கும். ஸ்டைலிங்குனு பாத்தா என் ஓட்டு செயற்கைக்குத்தான். அதுலயும் ரெண்டு வகை: பிவிசி இலைனா பிளாஸ்டிக் ஷீட்ட மெல்லிசா வெட்டி கம்பில முறுக்குனது, தட்டையா பளபளனு இருக்கும், பிஇ (பாலிஎத்திலீன்ங்குற பிளாஸ்டிக்) இலைனா அச்சுல வார்த்தது, தொட்டா கூட நிஜ இலை மாதிரி. நுனில பிஇ, உள்ள பிவிசினு கலந்து வர்ற மரம்தான் சரியான டீல், வெளிய அழகு, உள்ள அடர்த்தி. எது வாங்கினாலும் ஒவ்வொரு குட்டி கிளையையும் மேல, கீழ, பக்கவாட்டுலனு பிரிச்சு விடணும். ஒரு மணி நேரம் ஆகும், கை எல்லாம் கீறும். இத செய்யாம மத்தது எதுவும் செஞ்சு பிரயோஜனம் இல்ல.

அடுத்து லைட்டு, என்னய கேட்டா பாதி மரம் இதுதான். வார்ம் ஒயிட்டா, கூல் ஒயிட்டா, கலரா? 2700 கெல்வின் (லைட்டோட நிறத்த அளக்குற அலகு) பக்கம் இருக்குற மஞ்சள் கலந்த வெள்ளை எல்லா மரத்துக்கும் பொருந்தும், தங்கம், சிவப்பு, மரக்கட்டை நிறம் எல்லாத்தையும் தூக்கி காட்டும். கூல் ஒயிட் வெள்ளி, நீலம்னு பனி தீம் வெச்சா மட்டும் ஓகே, மத்தபடி ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வரும். கலர் லைட்ட மட்டம்னு சொல்றவங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும், மரத்துல மொதல் மொதல்ல கரண்ட் லைட்டு போட்டவர் எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882ல நியூயார்க்ல தன் வீட்டுல, சிவப்பு, வெள்ளை, நீலம்னு மொத்தம் 80 பல்பு, மரம் வேற சுத்திக்கிட்டே இருந்துச்சாம்! பாரம்பரியம்னா கலர்தான். ஆனா கலர் லைட்டு போட்டா உருண்டைகளோட நிறம் மாறி தெரியும், நீங்க யோசிச்சு எடுத்த கலர் காம்பினேஷன் அதோட காலி.

பழைய இழை பல்போட மினுக்கு எனக்கு இன்னும் புடிக்கும், ஆனா சூடாகும், கரண்ட் இழுக்கும், நெறைய சரத்த ஒன்னோட ஒன்னு கோர்க்கவும் முடியாது. எல்இடியே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, எல்லா சரத்தையும் ஒரே கம்பெனில ஒரே தடவையா வாங்குங்க, ஏன்னா ஒருத்தரோட வார்ம் ஒயிட்டும் இன்னொருத்தரோட வார்ம் ஒயிட்டும் ஒத்தே போகாது. நான் பாதி மரம் மஞ்சளாவும் பாதி மரம் லேசான ரோஸாவும் வெச்சுக்கிட்டு ஒரு சீசனே ஓட்டியிருக்கேன்.

லைட்டு சுத்துறதுல ரெண்டு கட்சி இருக்கு. வெளிய சும்மா வளையம் வளையமா சுத்துறது கால் மணி நேர வேலை, ஆனா ஒயர் தெரியும், மரம் தட்டையா தெரியும். தண்டுல ஆரம்பிச்சு கிளை வழியா நுனி வரைக்கும் போயி திரும்ப உள்ள வர்றது பொறுமைய சோதிக்கும், ஆனா மரம் உள்ளேர்ந்து ஒளிரும். 1 அடிக்கு 100 பல்புனு ஒரு கணக்கு இருக்கு, 6 அடி மரத்துக்கு 600. ஜாஸ்தியா தோணும், உள்ள பாதி போயிடும்ங்கறதால தேவைதான். நான் கண்ணாடி போடுற ஆளு, லைட்டு போட்டதும் கண்ணாடிய கழட்டிட்டு பாப்பேன், எல்லாம் மங்கலாயி எங்க இருட்டு பொத்தல் இருக்குனு மட்டும் பளிச்சுனு தெரியும். உங்களுக்கு பார்வை நல்லா இருந்தா கண்ண சுருக்கி பாருங்க.

ரிப்பனா, ஜிகினா மாலையா? ஜிகினாவுக்கு ஒரு ஜாலி இருக்கு, எலிகன்ஸ் இல்ல, மன்னிச்சிருங்க. ரிப்பன்லயும் ஓரத்துல கம்பி வெச்சதா, இரண்டரை இன்ச் அகலத்துல எடுங்க, சாட்டின் ரிப்பன் துவண்டு போயி காயப்போட்ட துணி மாதிரி தொங்கும். முழு ரோலையும் ஒரே ஓட்டமா சுத்துனா மரத்த பார்சல் கட்டுன மாதிரி இருக்கும். ரெண்டடி துண்டா வெட்டி, ஒரு முனைய கிளைக்குள்ள ஆழமா சொருகி, நடுவுல புஸ்ஸுனு விட்டு, மறுமுனையையும் உள்ள சொருகுங்க. தப்பா போனா அந்த துண்ட மட்டும் பிடுங்கினா போதும்.

உருண்டை விஷயத்துல சண்டையே வரும். ஒரே தீம், ரெண்டு மூணு நிறம்னு வெச்சா உடனே ப்ரொபஷனல் லுக் வந்துரும், ஆனா யாரு வீட்டு மரம்னே தெரியாது. ஞாபகப் பொருளா மாட்டுனா மனசு நெறையும், கண்ணு அலையும். நான் கண்டுபிடிச்ச வழி, பெரிய, வெலை கம்மியான பிளாஸ்டிக் உருண்டைகள ஒரே நிறத்துல தண்டு பக்கம் ஆழமா தள்ளிட்டு, நடுவுல மேட் ஃபினிஷ், பளபளப்பு, கிளிட்டர்னு கலந்து போட்டு, ஞாபகப் பொருள மட்டும் கண் மட்டத்துல வெளிய விடுறது. பின்னாடி ஒரே நிறமா இருக்குறதால முன்னாடி எது தொங்குனாலும் அது வேணும்னே வெச்ச மாதிரி தெரியும். ஊதி செஞ்ச கண்ணாடி உருண்டையோட ஆழமான பளபளப்பு (ஜெர்மனில லவுஷா ஊர்ல 19ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச கைவேலை அது) பிளாஸ்டிக்ல வராது, ஆனா பூனை, குழந்தை இருக்குற வீட்டுல அத மேல் பாதில மட்டும் வைங்க.

இன்னும் காலியா தெரிஞ்சா நூறாவது உருண்டைய வாங்காதீங்க, செயற்கை பெர்ரி கொத்து, தங்க இலை குச்சினு நாலஞ்சு வாங்கி கொஞ்சம் வெளிய நீட்டுற மாதிரி சொருகுங்க, மரத்தோட அச்சுல வார்த்த கூம்பு ஷேப் உடைஞ்சு உயிர் வரும்.

அடில துணியா கூடையா? கூடைதான், ஸ்டாண்டு காலு தெரியாது, துணி மாதிரி சுருங்கவும் செய்யாது. உச்சில ஸ்டாரா பெரிய ரிப்பன் பூவான்னா எனக்கு ஸ்டார், ஆனா அது எப்பவும் சாயும். ஒரு குச்சிய நடுத்தண்டோட சேத்து கேபிள் டை போட்டு கட்டி அதுமேல மாட்டுங்க, அசையாது.