கார் பேட்டரியை எப்போது மாற்றுவது? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

வயதான கார் பேட்டரியில் ஆளை ஏமாற்றும் எண் ஒன்று உண்டு: 12.6 வோல்ட். நிறுத்திவைத்த வண்டியில் மல்டிமீட்டரை வைத்தால் அந்த எண் வரும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவோம். மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது காட்டியது சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான். உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் வலு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதில் தெரியாது. குடமாக இருந்தது சொம்பாகச் சுருங்கிவிட்டாலும், நிரப்பினால் சொம்பும் விளிம்புவரை நிறைந்துதானே இருக்கும்!

அதற்காக, நிறுத்திவைத்த வண்டியில் அளக்கும் இந்த நிலை வோல்டேஜை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது முதல் படி. சாதாரண ஈய அமில பேட்டரியில் முழு சார்ஜ் 12.6 முதல் 12.7 வரை. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையில் முழு சார்ஜ் 12.8-ஐத் தாண்டும். வண்டியை அணைத்த உடனே அளந்தால் 13-க்கு அருகில்கூடக் காட்டும். அது தட்டின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ், கணக்கில் சேராது. ஓர் இரவு விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அளப்பதே சரி. காத்திருக்க நேரமில்லை என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். இன்னொன்று: இன்றைய கார்களில் கதவைத் திறந்ததுமே உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டு கரண்டை இழுக்கும். அந்த நேரத்தில் அளந்தால் நல்ல பேட்டரியும் குறைவாகக் காட்டும்.

வலுவைச் சொல்வது ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்பதுதான். மல்டிமீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு, முனைகளை டெர்மினலில் வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முழுதாக சார்ஜ் ஆன நல்ல பேட்டரி, மிதமான வெப்பநிலையில், மோட்டார் சுழலும் நேரம் முழுக்க 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 10-க்குச் சற்றுக் கீழே இறங்கத் தொடங்கினால் கவனிப்பில் வைக்க வேண்டும். முழு சார்ஜிலும் 9.6-க்குக் கீழே போய்விட்டால் அதற்கு மேல் அந்த பேட்டரியை நம்பி வெளியூர் கிளம்பக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம். ஸ்டார்ட்டர் அசையாமல் இருந்து சுழலத் தொடங்கும் முதல் நொடியின் சிறு பகுதியில் பெரும் கரண்ட் பாயும். அப்போது வோல்டேஜ் ஆழமாக ஒரு குதி குதித்து மேலே வரும். மலிவான மல்டிமீட்டர் அதைத் தவறவிட்டுவிடும். பேட்டரியோடு பொருத்தி செல்போனில் பார்க்கும் புளூடூத் மானிட்டர்கள் சில அதையும் பிடித்துக் காட்டும். மீட்டரில் 10.3 என்றும் மானிட்டரில் 9.4 என்றும் வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆகவே ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே கருவி, ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலை: இப்படி மாதம் ஒருமுறை குறித்துவந்தால் போதும். 10.6, 10.5, 10.5 என்று போய்க்கொண்டிருந்தது இரண்டே மாதத்தில் 10.0 ஆனால், அந்தச் சரிவுதான் செய்தி. நீண்ட காலப் பயன்பாட்டில் இந்தக் குறிப்பைவிட நம்பகமான வேறொன்று இல்லை என்பதே என் முடிவு.

காதை நம்பலாமா? கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் நம்பலாம். நாலைந்து சுற்று இழுத்து இழுத்து அடிக்கும், முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் ஓரிரண்டு சுற்றிலேயே பற்றிக்கொள்வதால், பேட்டரியின் தளர்ச்சி வெளியே தெரியவே தெரியாது. அதனால்தான் 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று பலரும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டிகளில் வேறு அடையாளங்கள் வரும்: ஸ்டார்ட் செய்யும் கணத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போவது, ஸ்டியரிங் அல்லது ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்து தானாக அணைவது, டேஷ்போர்டு ஒரு கணம் இருண்டு வருவது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள காரில், அந்த வசதி வாரக்கணக்கில் வேலை செய்யாமல் இருந்தால் அதுவும் ஒரு முன்னறிவிப்பு. ஏசி சுமையாலும் அது நிற்கும் என்பதால் ஏசியை அணைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பேட்டரியின் மேலுள்ள பச்சைக் கண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேட்டரிக்குள் தனித்தனி அறைகளாக இருக்கும் ஆறு செல்களில் ஒன்றில் மட்டும் மிதக்கும் சின்னப் பந்து அது. மற்ற ஐந்தில் ஒன்று செத்துப்போயிருந்தாலும் பச்சையாகவே காட்டும். கருப்பு என்றால் சார்ஜ் குறைவு. வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிந்தால் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பொருள், அந்த நிலையில் சார்ஜர் போடக் கூடாது.

மூடி திறக்கும் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒரு வரம். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.265-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஆறும் 1.200 என்றால் கவலை வேண்டாம், சார்ஜ் போட்டால் ஏறும். ஐந்து செல் 1.260 காட்ட, ஒன்று மட்டும் 1.190-இல் நின்றால் அந்த செல் போய்விட்டது. செல்களுக்கிடையே வித்தியாசம் 0.050-ஐத் தாண்டினால் சார்ஜரால் மீட்க முடியாது. நீர் குறையும் விதமும் பேசும். எல்லா செல்லிலும் சீராகவும் வேகமாகவும் குறைந்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் ஊட்டுகிறது. ஒரே செல் மட்டும் அடிக்கடி நீர் கேட்டால் கோளாறு அந்த செல்லில். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, ஆசிட் கூடாது. சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது பொங்கி வழியும்.

பேட்டரி கடைகளில் வைத்திருக்கும் கையடக்க டெஸ்டர் குளிர்நிலை ஸ்டார்ட் ஆம்பியரை, அதாவது கடுங்குளிரிலும் ஸ்டார்ட்டருக்கு பேட்டரி தரக்கூடிய கரண்டை, கணித்துச் சொல்லும். லேபிளில் 400 என்று இருக்க, டெஸ்டர் 330 காட்டினால் பயமில்லை. முழு சார்ஜுக்குப் பிறகும் 280-க்குக் கீழே, அதாவது 70 சதவீதத்துக்கும் குறைவாகக் காட்டினால் மாற்றத் தயாராக வேண்டியதுதான். சோதிப்பவர் லேபிளில் உள்ள தர முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாரா என்று கேளுங்கள். ஐரோப்பிய முறைக்கும் ஜப்பானிய முறைக்கும் எண்கள் வேறு, தவறாகத் தேர்ந்தெடுத்தால் நல்லதும் கெட்டதாகத் தெரியும். பாதி சார்ஜில் எடுத்த முடிவைப் பார்த்துப் புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள்.

குற்றம் பேட்டரியுடையதே அல்லாத சந்தர்ப்பங்கள் நிறைய. பழியை அதன்மேல் போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் டெர்மினல். பேட்டரியின் ஈயக் கொம்பில் மீட்டரின் ஒரு முனையையும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் மறு முனையையும் வைத்து ஸ்டார்ட் அடித்தால், இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் அங்கே அரிப்போ தளர்ச்சியோ இருக்கிறது. நெகட்டிவ் கொம்பிலிருந்து இன்ஜின் உடல்வரையும் அதேபோல் பாருங்கள், எர்த் கம்பி பழுதாகியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து பிரஷால் தேய்த்து, காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசலாம்.

இரண்டாவது ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இது வேண்டுமென்றே ஏறி இறங்கும் என்பதால் ஒரே ஓர் அளவை வைத்து முடிவுகட்டக் கூடாது.

மூன்றாவது, வண்டி தூங்கும்போது நடக்கும் திருட்டு. எல்லாம் அணைந்து, முக்கால் மணி நேரம் கழிந்த பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. 50 என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (கரண்டை மணிக்கணக்கால் பெருக்கிய அளவு). 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதி தீர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கூடுதலாகப் பொருத்திய கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் மூன்றே நாளில் பாதி காலி. புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான். மீட்டரை நெகட்டிவ் கம்பிக்கு இடையில் தொடராகக் கோத்து அளக்க வேண்டும். கோத்திருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இவை எல்லாம் சரி என்றால் கடைசிப் பரீட்சை: பேட்டரியைக் கழற்றி, அதன் ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 45-க்கு நாலரை ஆம்பியர் அளவில், முழுதாக சார்ஜ் செய்து, கம்பி எதுவும் மாட்டாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். 12.6-இல் நின்றால் உயிர் இருக்கிறது. சும்மா இருந்தே 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, மாற்றிவிடலாம். முழு சார்ஜுக்குப் பிறகு 10.5-ஐ ஒட்டி நின்றால் ஒரு செல் முழுக்க ஷார்ட் ஆகிவிட்டது. உடல் உப்பியிருந்தாலோ, விரிசலில் ஆசிட் கசிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சோதனையே தேவையில்லை. சார்ஜர் போடாதீர்கள், வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி இணைத்துக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். காற்றோட்டமான இடமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பலரும் நம்பும் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது. ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது மிகக் கொஞ்சம், 200 ஆம்பியர் இரண்டு நொடி பாய்ந்தாலும் சுமார் 0.1 ஆம்பியர் அவர்தான். அதை ஆல்டர்னேட்டர் சில நிமிடத்தில் ஈடுகட்டிவிடும். முழுக்க இறங்கிய பேட்டரியின் கதை வேறு. 80 சதவீதத்துக்கு மேல் ஈய பேட்டரி மிக மெதுவாகத்தான் சார்ஜை வாங்கும். அரைகுறையாக ஏற்றி ஓட்டினால் தட்டில் படியும் ஈய சல்பேட் கெட்டியாகிப் பிறகு கரையாது. அப்படிக் கெட்டியான ஒவ்வொரு பங்கும் கொள்ளளவில் நிரந்தர இழப்பு. முழுதாக இறங்கிய ஒவ்வொரு தடவையும் ஆயுளில் ஒரு துண்டு போய்விடுகிறது.

வெயில்தான் பேட்டரியைக் கொல்கிறது, குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோடை முழுக்கத் தேய்ந்த தட்டு, இன்ஜின் ஆயில் கெட்டியாகும் முதல் குளிர்காலை அன்று கைவிடும். சோதனைக்குச் சரியான நேரம் கோடை முடிவு.

மாற்றும்போது ஆம்பியர் அவரும் ஸ்டார்ட் ஆம்பியரும் பழையதற்குக் குறையக் கூடாது. பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துவர வேண்டும். ஏஜிஎம் போட்டுவந்த வண்டியில் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே போய்விடும், அந்தச் சிக்கனம் வேண்டாம். தயாரிப்புத் தேதி ஆறு மாதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள், கடையிலேயே அளக்கச் சொல்லி 12.4-க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி. ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் பொறி பறக்காமல் இருப்பது இந்த வரிசையால்தான். அடியில் பிடிக்கும் கிளாம்பை இறுக்க மறக்காதீர்கள், அதிர்வில் தட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். சில வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனர் வழியாகக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழையதற்கு ஏற்றபடியே சார்ஜ் ஊட்டிக்கொண்டிருக்கும்.

மாட்டிய பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று மறுநாள் காலை பார்த்துவிட்டு, ஸ்டார்ட் அடிக்கும்போது எங்கே விழுகிறது என்பதை அளந்து, தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.