லட்டானோப்ரோஸ்ட் சொட்டு மருந்து: மருந்துக்கு நாலரை, பாட்டிலுக்கு இரண்டரை

கிளாகோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) என்று தெரிந்ததும் டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் லட்டானோப்ரோஸ்ட் 0.005% தான். இரவில் கண்ணுக்கு ஒரு சொட்டு, அவ்வளவே. கண் அழுத்தத்தைக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கும். இதே நோய்க்கான இன்னொரு சொட்டு மருந்தான டிமோலால் மாதிரி இதயத் துடிப்பை மந்தமாக்கும் தொல்லை இதில் இல்லை. போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பதுதான் இதன் வேலை. அந்த வேலைக்கு ஐந்தில் நாலரை தாராளமாகத் தரலாம். அது வரும் 2.5 மி.லி. பாட்டிலுக்கு இரண்டரையே அதிகம்.

முதல் கோளாறு மூடியில். நம் ஊர் பிராண்டுகள் பலவற்றில் பாட்டில் முனையில் துளையே இருக்காது. மூடிக்குள் சின்ன முள் ஒன்று இருக்கும். சீல் வளையம் இருந்தால் கழற்றிவிட்டு மூடியைக் கடைசிவரை இறுக்கித் திருகினால் அந்த முள்ளே துளை போட்டுவிடும். அட்டையில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. கண் நோயாளிக்கு யார் படித்துச் சொல்வது? ஆகவே கத்தரியால் முனையை நறுக்குகிறார்கள், ஊக்கால் குத்துகிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

சரியான துளையில் ஒரு சொட்டு சுமார் 0.03 மி.லி. அப்படியானால் பாட்டிலுக்கு 80 சொட்டு வரும். இரண்டு கண்ணுக்கும் 28 நாளைக்குத் தேவை 56. மீதி 24 சொட்டு குறி தப்புவதற்கான ஒதுக்கீடு. நறுக்கிய முனையில் சொட்டு 0.05 ஆகிவிட்டால் மொத்தமே 50 தான். ஒன்றுகூடச் சிந்தாவிட்டாலும் 25 நாளில் பாட்டில் காலி. பெரிய சொட்டு விழுந்தால் பலன் கூடுமா என்றால் கூடாது. கண் தாங்குவது கொஞ்சம்தான், மிச்சம் கன்னத்தில் வழிந்துவிடும். அவசரத்தில் இரண்டு வேளை விடுவதும் வீண். இந்த மருந்தை அடிக்கடி விட்டால் பலன் குறையும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான ஒரு சொட்டு போதும்.

விடும் முறை: கை கழுவிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கீழ் இமையை இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும். மேலே பார்த்தபடி அதற்குள் ஒரு சொட்டு. முனை இமை மயிரில் படக் கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போகும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து கண்ணீர்த் துளை வழியாகத் தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்பதற்கு இதுதான் வழி. கை நடுங்குகிறவர்கள் பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு, 15 நிமிஷம் கழித்துத்தான் திரும்பப் போட வேண்டும்.

வெயிலும் வெளிச்சமும் இதற்கு ஆகாது. சாதாரண வகையைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டு போதும், ஃப்ரீசர் கூடாது. திறந்தபின் 25 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்கிறது அட்டை. சித்திரை வெயிலில் நம் வீட்டில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? திறந்த பிறகும் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். இன்னொரு லாபம், ஜில்லென்று இருப்பதால் சொட்டு கண்ணில் விழுந்ததா கன்னத்தில் விழுந்ததா என்று உடனே தெரியும். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று அச்சிட்டு வரும் பிராண்டுகளும் உண்டு. அடிக்கடி ரயிலேறுகிறவர்கள் டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்கலாம். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதி, அட்டையில் போட்டிருக்கும் கெடு முடிந்ததும் மீதி இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

பக்க விளைவுகளில் வெளிநாட்டுத் துண்டுச்சீட்டு பெரிதாகச் சொல்வது விழி நிறம் கறுப்பது. நம் விழி ஏற்கெனவே கறுப்பு, யாருக்கும் தெரியப்போவதில்லை. இமை மயிர் நீளமாகும். இமைத் தோல் கறுக்கும். மருந்து விட்டதும் ஈரப் பஞ்சால் துடைத்தால் அது குறையும். ஒரு கண்ணுக்கு மட்டும் விடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணாடியில் நன்றாகத் தெரியும். உண்மையான தொந்தரவு சிவப்பும் உறுத்தலும். மருந்தாலும் வரும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடாலும் வரும். பொறுக்க முடியவில்லை என்றால் அது சேராத வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மெடிக்கலில் "கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கி வருவதுதான் மகா ஆபத்து. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும். ஒரு பாட்டில் இறக்குவதை இன்னொரு பாட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்.

கடையில் கவனிக்க இன்னொன்று. ஒரே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்து டிமோலால் கலந்த வகையும் விற்கிறார்கள், பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆஸ்துமாக்காரருக்கு அந்த வகை ஆகவே ஆகாது. பணம் கொடுக்கும் முன்னால் பெட்டியைத் திருப்பி, சேர்மானத்தில் ஒரு பெயர் இருக்கிறதா இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.