திருகோணமலையில் டேர்போக் காருக்கு ஒயில் மாற்ற: அளந்து ஊற்றும் ஒரு சேவை நிலையம்

நிலாவெளி வீதியில், உப்புவெளியை அடையுமுன் வருகின்ற இந்தச் சிறிய சேவை நிலையத்துக்கு எனது சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரைத் தொடர்ந்து கொண்டுசெல்கிறேன். இரண்டு லீற்றர் டேர்போ எஞ்சினும் (புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுவதே டேர்போ) ஐந்து கியர் கொண்ட சாதாரணக் கியர்பெட்டியும் உள்ள இந்த வகைக் காருக்கு எந்த ஒயில், எவ்வளவு என்ற கேள்வியை இங்குள்ளவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். கழுவுவதும் மெழுகு பூசுவதும் எல்லா இடங்களையும் போலத்தான்.

எஞ்சின் ஒயிலில் அவர்கள் பரிந்துரைத்தது 5டபிள்யூ-40. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. முன்னால் உள்ள 5டபிள்யூ என்ற குறி உறையவைக்கும் குளிரில் எஞ்சின் சுழலுமா என்பதை மறை 30 பாகையில் சோதித்துத் தரப்படுவது. அந்தக் குளிரைத் திருகோணமலை ஒருபோதும் காணப்போவதில்லை என்பதால், 0டபிள்யூ ஒயிலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க இங்கே தேவையில்லை. பின்னால் உள்ள எண், சூடேறிய ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டுவது. அதுதான் நமக்கு முக்கியம். 100 பாகை செல்சியசில் 30 தர ஒயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் (பாகுத்தன்மையின் அலகு) வரையிலும், 40 தரத்தினுடையது 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்கும். 150 பாகையில் கடும் உராய்வுக்கு உட்படுத்திப் பார்க்கும் சோதனையில் 30 தரத்துக்கு 2.9 மில்லிபாஸ்கல் செக்கன் (பாகுத்தன்மையின் இன்னோர் அலகு) போதும். 5டபிள்யூ-40 குறைந்தது 3.5 காட்டியாக வேண்டும். சித்திரை வெயிலில் கண்டி வீதியில் டேர்போவை உழைக்கவிட்டு ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் பேரிங்குகளின் ஆயுளோடு தொடர்புடையது.

அளவு விடயத்தில்தான் இந்த இடத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பில்டரையும் சேர்த்து மாற்றும்போது இந்த எஞ்சினுக்கு 4 லீற்றரை ஒட்டிய ஒயில் பிடிக்கும். கடையில் விற்கும் கொள்கலனும் 4 லீற்றர் என்பதால், பெரும்பாலான இடங்களில் முழுவதையும் கவிழ்த்துவிட்டு மூடியை இறுக்கிவிடுவார்கள். இங்கோ வடிந்த ஒயிலை அளவுப் பாத்திரத்தில் பிடித்து, சென்ற முறை ஊற்றியதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு புதியதில் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சமதரையில் காத்திருந்து, அளவுக்கோலின் இருபக்கத்தையும் பார்த்த பின்னரே மிகுதியைச் சேர்க்கிறார்கள். சிலிண்டர்கள் படுத்திருக்கும் இந்த எஞ்சினில் ஒயில் கீழே இறங்கி நிற்க நேரம் எடுக்கும். கோலின் ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் வழமை, குறைவாகக் காட்டும் பக்கத்தையே நம்ப வேண்டும். கோலின் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லீற்றர் இருப்பதால், கண்மதிப்பில் ஊற்றுவது சிறிய பிழையாக முடிவதில்லை. கூடினால் ஒயில் நுரைத்து, ஆவியாகி, காற்றுக் குழாய் வழியே எரியறைக்குள் போய் வெடிப்புத் தட்டலுக்கு, அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சினைத் தாக்குவதற்கு, வழிவகுக்கும். குறைந்தாலோ நீண்ட வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது உறிஞ்சு குழாய் ஒயிலின்றித் தவிக்கும், முதலில் போவது கனெக்டிங் ரொட் பேரிங்.

கியர்பெட்டிக்கு 3.5 லீற்றர், பின் டிபரன்சியலுக்கு (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) 0.8 லீற்றர், இரண்டுக்கும் ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் ஜி.எல்-5 தரத்து 75டபிள்யூ-90 கியர் ஒயில். நகரில் வேறோர் இடத்தில் எனக்கு ஜி.எல்-4 ஊற்றத் தயாரானார்கள். கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை வளையங்களை ஜி.எல்-5 அரிக்கும் என்ற பொதுவான எச்சரிக்கையை அவர்கள் இந்தக் காருக்கும் பொருத்திவிட்டார்கள். சுபாருவின் கியர்பெட்டியோ முன் டிபரன்சியலையும் தன்னுள்ளே வைத்து, அதே ஒயிலையே பகிர்ந்துகொள்கிறது. அந்தப் பற்சக்கரங்களுக்கு ஜி.எல்-5 கொடுக்கும் அழுத்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பற்கள் தேயும். இங்குள்ள மூத்த மெக்கானிக் கைநூலைத் திறந்து எனக்குக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்கினார். பின் டிபரன்சியலில் வடிப்பு நட்டைத் தொடுமுன், “முதல்ல ஊத்துற நட்டு கழருதோ எண்டு பாப்பம், தம்பி” என்றார். மேல் நட்டு இறுகிக் கிடக்கும்போது கீழ் நட்டைத் திறந்து ஒயிலை வடித்துவிட்டால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஒயில் ஊற்றும் துவாரத்தின் விளிம்பைத் தொட்டு வழியும்வரை நிரப்பினார். அங்கே அதுதான் அளவு.

லங்கா ஐ.ஓ.சி.யின் மசகெண்ணெய்க் கலப்பு ஆலை உள்ள ஊர் என்பதால் எஞ்சின் ஒயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. நல்ல 75டபிள்யூ-90 கியர் ஒயிலை மட்டும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூலன்ற்றில் கிணற்றுநீர் கலக்காமல் வடித்த நீரையே பாவிக்கிறார்கள் என்பது நல்ல விடயம்.

பிறேக் ஒயிலில் மட்டும் இவர்கள் கவனம் போதாது. அலமாரியில் ஏற்கெனவே திறந்திருந்த டொட் 4 போத்தலிலிருந்து ஊற்ற வந்தபோது நான் மறுத்துவிட்டேன். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையாக இருக்க வேண்டிய கொதிநிலைக்கு, ஈரமேறிய பின் தரவிதி கேட்பது 155 பாகை மட்டுமே. கடற்காற்று ஓயாத இந்த நகரில் திறந்த போத்தல் வெகுவிரைவில் கெட்டுவிடும். நான் சொன்னவுடன் முகம் சுளிக்காமல் முத்திரை உடையாத புதிய போத்தலைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் போகிறவர்கள் பிறேக் வேலைக்குப் புதிய போத்தலைத் தங்கள் கண்முன்னே திறக்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது.