பெரிய டயர் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்

மழைக்கு முன்னால் வண்டிக்கு ஆல்-டெரெயின் டயர் (மண்சாலை, மேடுபள்ளத்திலும் ஓடுகிற மாதிரி செய்த டயர்) போடலாம் என்று நினைக்கும் வடசென்னைக்காரர்கள், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 52,000 ரூபாய் போய்விட்டது. அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த டயரில் பத்து நாள் ஏற்றிக்கொண்டு சுற்றினேன். பணத்தைவிட அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

வீடு திருவொற்றியூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் நின்ற தண்ணீரில் வண்டியை எடுக்கவே முடியவில்லை. உயரமான டயர் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளம் பார்த்து ஓட்டுகிற யாருக்கும் அந்த எண்ணம் வரும்.

என் எஸ்யூவிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 215/60 ஆர்17. கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சார், 235/65 போட்டுடலாம். அதே ரிம்முதான், எங்கயும் உரசாது. வண்டி தூக்கி நிக்கும், தண்ணியில பயமே இல்ல" என்றார். நம்பினேன்.

வீட்டிலேயே ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்திருக்கலாம். 235 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அது மேலும் கீழும் இரண்டு முறை, நடுவில் 17 இன்ச் ரிம். மொத்த விட்டம் 737 மில்லிமீட்டர். பழைய டயருக்கு இதே கணக்கில் 690. கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதல். 3 சதவீதத்தைத் தாண்டாதே என்பதுதான் டயர் தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்வது. மீட்டர் 60 காட்டும்போது நான் உண்மையில் 64-இல் போய்க்கொண்டிருந்தேன். சரி, உயரமாவது கிடைத்ததா என்றால், விட்டம் கூடியதில் பாதிதான் வண்டி உயரும். அது இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. காற்று இழுக்கும் குழாய் வரை தண்ணீர் வந்துவிட்டால், இன்ஜினுக்குள் அது ஏறுவதை எந்த டயரும் தடுக்காது.

முதல் நாள் மாலையே தேரடி பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன், கரகரவென்று சத்தம். போன் போட்டால், "புது டயர்ல இருக்கிற ரப்பர் முடி உரசுது சார், ரெண்டு நாள்ல தேஞ்சிடும்" என்றார். பத்தாம் நாள் பார்த்தபோது மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு கிழிந்து தொங்கியது.

அதே பத்தாம் நாள், மழையில், எண்ணூர் விரைவுச் சாலையில் முன்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி பழைய அளவு. அதைப் பற்றிக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டி நகர்ந்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்னால் லாரி ஹார்ன். அம்மா ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர்ந்தே தண்டையார்பேட்டையில் ஒரு பஞ்சர் கடைக்கு வந்தேன். அங்கிருந்த பெரியவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தேதி எங்க?" என்றார். வெளிப்பக்கம் இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, போன் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன்களுக்கு, அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே ரப்பரில் நகக்கீறல் போல வெடிப்புகள். தேதி முழுசாக ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் டயர்கள் உண்டு. ஒன்று உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். நான்கும் அப்படியே இருந்தன.

என் பழைய டயர்களில் இன்னும் 5 மில்லிமீட்டர் பட்டன் இருந்தது. மாற்றியே ஆக வேண்டிய அளவு 1.6 தான். "இதெல்லாம் முடிஞ்சது சார்" என்று சொல்லி, டயர் விற்ற கடைக்காரர் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கழித்து எடுத்துக்கொண்டார்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "ரிம்முல ஏத்துன டயர எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். என் கையில் இருந்தது எஸ்டிமேட் சீட்டு. அதில் "டயர் 4" என்று மட்டும் இருக்கிறது, அளவு இல்லை, பிராண்டு இல்லை. பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றபோது நான் தலையாட்டியது தப்பு.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டியின் டயர் அளவு இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். டயரை ரிம்மில் ஏற்றும் முன் நான்கின் தேதியையும் நீங்களே படியுங்கள். அளவும் பிராண்டும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ஊரில் மண்சாலை, தோட்டம் என்று அடிக்கடி போகிறவர்களுக்கு ஆல்-டெரெயின் உதவும், ஆனால் கம்பெனி சொன்ன அளவிலேயே கிடைக்கிறதா என்று தேடுங்கள். நம்மைப் போல முழுக்கத் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அதனால் வருவது இரைச்சலும் மைலேஜ் குறைவும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வேறு கடையில் 215/60 போட்டாயிற்று. கழற்றிய நான்கையும் யாருக்கும் விற்கப்போவதில்லை. தேதி தெரியும்படி திருப்பி மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன், ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.